பாதிப் படம் பச்சையானால்: கம்ப்யூட்டர் ராமைச் (RAM) சோதிக்க எந்த வழி யாருக்கு?

ரத்தினகிரி முருகன் கோயிலில் நடந்த கல்யாணம் அது. தாலி கட்டும் நொடியில் எடுத்த படம். மாப்பிள்ளையின் புருவம் வரைக்கும் எல்லாம் சரி. அதற்குக் கீழே கோட்டை அகழித் தண்ணீர் மாதிரி பாசிப் பச்சை. பெண்ணின் பட்டுப்புடவை, ஐயரின் கை, அட்சதை போடும் சொந்தக்காரர்கள் என்று அத்தனை பேரும் அந்தப் பச்சைக்குள் போய்விட்டார்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவன். போட்டோகிராபர்கள் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கம் பக்கமாக அடுக்கி, பிரஸ்ஸுக்கு அனுப்புவது என் வேலை. அந்தப் பச்சைப் படத்துக்கு முன்பே அறிகுறிகள் வந்தன, நான்தான் கண்டுகொள்ளவில்லை. முந்தின நாள் சேமித்த போட்டோஷாப் ஃபைல் மறுநாள் திறக்க மாட்டேன் என்றது. பிரஸ்ஸுக்குப் போன ஜிப் ஃபைல் அங்கே பிரியாமல் 'சி.ஆர்.சி. எரர்' (உள்ளே இருக்கும் தகவல் மாறிவிட்டது என்ற பிழை) காட்டியது, மறுபடி ஜிப் செய்து அனுப்பினால் பிரிந்தது. பிரவுசர் காரணமே இல்லாமல் மூடிக்கொண்டது. வெயில் ஏற ஆரம்பித்த நேரம், கம்ப்யூட்டருக்கும் மயக்கம் வரும்போல என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

அப்புறம் செய்ததெல்லாம் தலைகீழ் வரிசை. முதலில் வைரஸ் என்று நினைத்து இரண்டு நாள் ஸ்கேன். பிறகு ஹார்டு டிஸ்க் போகிறதோ என்று பயந்து, புது டிஸ்க் வாங்கி, ஐந்து வருட வேலையை அதில் காப்பி செய்தேன். இதைத்தான் நான் செய்திருக்கவே கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கப்புறம் ஒரு சர்வீஸ் கடை. ஃபார்மேட் அடித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, "சூப்பரா ஓடுது சார்" என்று கொடுத்தார்கள். பத்து நாளில் மறுபடி அதே கதை.

கடைசியில் ஆற்காட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என் மச்சானிடம் போனேன். வீட்டுக்காரிக்கு அண்ணன். முழுக்கதையும் கேட்டுவிட்டு, "இன்னா மாப்ள, கூர ஒழுவுது, நீ கீழ பாத்திரத்த மாத்தினு கீற. ஏணிய போட்டு ஓட்டப் பாரு மொதல்ல" என்றார்.

அவர் ஓட்டை என்றது ராமில், அதாவது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகத்தில். அந்த ஓட்டையைப் பார்க்க வழிகள் பல உண்டு. எல்லாம் ஒரே தரம் இல்லை. எல்லாம் எல்லோருக்கும் ஒத்துவருவதும் இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், மச்சானிடம் கேட்டதையும், அப்புறம் தேடிப் படித்ததையும் வைத்து அவற்றை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில், ராம் எப்படிச் சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கிறது என்பது. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு படமும் நடுவில் ராமில் இறங்கி ஏறுகிறது, நாம் காட்பாடி ஜங்ஷனில் வண்டி மாறுவதைப் போல. பெட்டி தொலைவது அங்கேதான். கேபிளில் போகும் தகவலைச் சரிபார்க்க யு.எஸ்.பி.யிலும், டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவிலும் ஏற்பாடு இருக்கிறது. டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாருக்கும் (தகவலை எழுதும் சின்னக் கட்டம்) பிழைதிருத்தும் குறியீடு இருக்கிறது. வீடுகளிலும் கடைகளிலும் நாம் வைத்திருக்கும் சாதாரண ராமில் மட்டும் அந்தக் காவல் இல்லை. அங்கே ஒரு 0, 1 ஆகிவிட்டால், அந்தத் தப்பையே சரியென்று முத்திரை குத்தி டிஸ்க் பத்திரமாக எழுதிக்கொள்ளும். எரர் எதுவும் வராது.

8 ஜி.பி. ராமில் ஏறத்தாழ 6,872 கோடி பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 வைக்கும் அறைகள். ஒவ்வொன்றும் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் ஒரு குட்டி மின்தேக்கி. பிடித்தது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். அதற்குள் தாக்குப்பிடிக்க முடியாத ஒரே ஒரு அறை இருந்தால் போதும். எழுத்து ஃபைலில் ஒரே ஒரு எழுத்து மாறினால் கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனால் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு கட்டத்தின் அடிப்படை நிறமும் 'முந்தின கட்டத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு' என்றுதான் எழுதப்படுகிறது. நடுவில் ஒரு பிட் புரண்டால் அங்கிருந்து கடைசி வரை எல்லாக் கணக்கும் தப்பு. புருவத்துக்குக் கீழே பச்சையானது அதனால்தான்.

ஒரு பிட்டா இவ்வளவு செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2003-ல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு வாக்கு எண்ணிக்கையில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக விழுந்தது. அந்த எண் 2-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வருவது, அதாவது ஒரே ஒரு பிட் மாறியதன் அளவு. மென்பொருளில் தப்பு எதுவும் கிடைக்காததால் பிட் புரண்டதுதான் காரணமாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். நம்மூர் இயந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அளவு புரிய மட்டும் சொல்கிறேன்: 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் வெற்றி வித்தியாசமே 8,141 ஓட்டுதான்.

சரி, ராம் என்று சந்தேகப்படுவதற்கு முன் டிஸ்க்கை விலக்கிவிட வேண்டும். அது ஐந்து நிமிட வேலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கைக் காட்டும். மாற்றிவைக்கப்பட்ட செக்டார்கள், மாற்றக் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு வரியிலும் எண் ஏறியிருந்தால் டிஸ்க் மேல் சந்தேகம். யு.டி.எம்.ஏ. சி.ஆர்.சி. எரர் என்ற வரி ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான், புதுக் கேபிள் போட்டாலே தீரும். டிஸ்க் கெட்டால் பொதுவாகக் கூச்சல் போட்டுக் கெடும்: படிக்க முடியவில்லை என்ற எரர், இழுத்து நிற்பது, கடகட சத்தம். ராம் கெட்டால் மௌனம். என் டிஸ்க்கில் எல்லா வரியும் சுத்தம். இதைப் பார்க்காமல்தான் புது டிஸ்க் வாங்கினேன்.

இனி ராமுக்கான வழிகள்.

கைரேகை ஒப்பீடு

இதற்கு ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம், கம்ப்யூட்டரை நிறுத்தவும் வேண்டாம். எந்த ஃபைலுக்கும் எஸ்.எச்.ஏ.256 என்ற கணக்கில் 64 எழுத்தில் ஒரு கைரேகை எடுக்கலாம். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். செவன்-ஜிப் போட்டிருந்தால் வலது கிளிக் மெனுவிலேயே அந்த வசதி இருக்கிறது, விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கட்டளையிலும் எடுக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ராமின் அளவைவிடப் பெரிய ஃபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 16 ஜி.பி. ராம் என்றால் 20 ஜி.பி. கல்யாண வீடியோ. அதன் கைரேகையை ஐந்தாறு முறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே விடைதான் வர வேண்டும். ஒரு முறை மாறி வந்தாலும் படிக்கும் வழியில் எங்கோ ஓட்டை என்பது உறுதி. ஸ்மார்ட் கணக்கு சுத்தமாக இருந்தால் அநேகமாக அது ராம்.

பெரிய ஃபைல் எதற்கு என்றால், சின்ன ஃபைலை விண்டோஸ் ஒருமுறை படித்ததும் ராமிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை கேட்டால் டிஸ்க்குக்கே போகாமல் அந்தப் பிரதியைக் கொடுத்துவிடும். பிரதி சரியாக இருந்தால் ஐந்து முறையும் சரி, தப்பாக இருந்தால் ஐந்து முறையும் ஒரே தப்பு. நீங்கள் ஏமாந்துபோவீர்கள். காப்பி செய்த உடனே 'வெரிஃபை' செய்வதிலும் இந்த ஏமாற்றம் உண்டு. கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகு சரிபார்த்தால்தான் டிஸ்க்கில் உண்மையில் எழுதப்பட்டது தெரியும்.

ஜிப் ஃபைலும் நல்ல துப்பு கொடுக்கும். ஒரே ஜிப்பை மூன்று முறை சோதித்து, மூன்று முறையும் அதே படத்தில் சி.ஆர்.சி. எரர் வந்தால் அந்த ஜிப் ஏற்கெனவே கெட்டது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு படத்தில் வந்தால் கை ராம் பக்கம் நீள்கிறது.

இந்த வழியின் பலம், உங்கள் உண்மையான வேலையின் நடுவிலேயே சோதிக்கிறது. பலவீனம், எந்தக் குச்சி (ராம் சிப்புகள் பதித்த, கழற்றி மாட்டும் நீளப் பலகை), எந்த இடம் என்று சொல்லாது. 'ஆமாம், ஏதோ இருக்கிறது' என்பதோடு நின்றுவிடும். சீசன் நடுவில் கம்ப்யூட்டரை ஒரு நாள்கூட நிறுத்த முடியாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

விண்டோஸின் சொந்தச் சோதனை

தேடும் பெட்டியில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று போட்டால் வரும். ரீஸ்டார்ட் ஆகி நீலத் திரையில் ஓடும். அந்தத் திரையில் எஃப்1 விசையை அழுத்தினால் மூன்று நிலைகள் தெரியும்: பேசிக், ஸ்டாண்டர்ட், எக்ஸ்டெண்டட். யாரும் சொல்லாவிட்டால் ஸ்டாண்டர்டில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டுக் கிளம்பிவிடும். விடை சில நேரம் திரையில் வராது, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் போய்த் தேட வேண்டும்.

பென்டிரைவ் வேண்டாம், பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போக வேண்டாம், அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரில் போனிலேயே வழி சொல்லி ஓட்ட வைக்கலாம். மோசமாகக் கெட்ட ராமை இது பிடிக்கும். எப்போதாவது புரளும் பிட்டுக்கு இரண்டு சுற்று போதாது. இதில் பிழை வந்தால் நம்பலாம், வராவிட்டால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஓட்டுவதாக இருந்தால் எக்ஸ்டெண்டட் வைத்து இரவெல்லாம் விட்டுவிடுங்கள்.

பென்டிரைவில் மெம்டெஸ்ட்

நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. மச்சான் எப்போதும் தொடங்குகிற இடமும் இதுதான்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. மெம்டெஸ்ட்86 என்பதைக் கிறிஸ் பிரேடி என்பவர் 1990-களில் எழுதினார். அதிலிருந்து பிரிந்தது மெம்டெஸ்ட்86+, இது முழுக்கத் திறந்த மூலம், இலவசம். பல வருடம் தூங்கிக் கிடந்து, 2022-ல் ஆறாம் பதிப்பாக எழுந்து வந்தது. இப்போதுள்ள யு.இ.எஃப்.ஐ. (பயாஸின் புது வடிவம்) கம்ப்யூட்டர்களிலும் புதுத் தலைமுறை டி.டி.ஆர்.5 ராமிலும் ஓடுகிறது. கூட்டல் குறி இல்லாதது இப்போது பாஸ்மார்க் நிறுவனத்திடம் இருக்கிறது, அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும். ராமின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பக்கத்து வரிசை புரள்கிறதா என்று பார்க்கும் 'ஹேமர்' சோதனை அதில் உண்டு. எதை எடுப்பது? 'செக்யூர் பூட்' (Secure Boot, அங்கீகரித்த மென்பொருளை மட்டும் கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடவிடும் காவல்) வசதியை அணைக்கத் தயங்குபவர்களுக்குப் பாஸ்மார்க்கினுடையது சுலபம். இரவு பகலாக எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓட்ட நினைப்பவர்களுக்குக் கூட்டல் குறி உள்ளது. நான் இரண்டாவதை எடுத்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் பிட்லாக்கர் என்ற பூட்டு உங்களுக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கலாம். 'செக்யூர் பூட்' வசதியை அணைத்தால் அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முதலில் எடுத்து ஒரு பேப்பரில் எழுதிவைத்துக்கொண்டு பயாஸுக்குள் போங்கள். ராமைச் சோதிக்கப் போய் மொத்த டிஸ்க்கையும் பூட்டிக்கொண்டு நின்றவர்களை மச்சான் கடையில் பார்த்திருக்கிறேன்.

மெம்டெஸ்ட் நல்லது என்பதற்குக் காரணம் எளிது. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே ஓடுவதால் ஏறக்குறைய முழு ராமும் அதற்குக் காலியாகக் கிடைக்கிறது. பல தினுசில் எழுதி, படித்து, கவிழ்த்து எழுதி, மறுபடி படிக்கிறது. பிழை வந்தால் எந்த முகவரி, என்ன எழுதினோம், என்ன வந்தது என்று சிவப்பு வரியில் காட்டுகிறது.

என் கம்ப்யூட்டரில் இரண்டு 8 ஜி.பி. குச்சிகள். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் பிழை பூஜ்யம். அப்படியானால் ராம் இல்லை என்று மச்சானுக்குப் போன் போட்டேன். "உனக்கு ஃபைலு கெடுறது எப்ப? ராத்திரியா?" என்றார். யோசித்தேன். மதியம்தான். ஏ.சி. கிடையாது, தகரக் கூரை போட்ட மாடி அறை. "அப்ப மதியமே வுடு. ஃபேன கூட நிறுத்திடு."

கத்திரி முடியும் வாரம். வேலூர் வெயிலை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. கடையை அடைத்துவிட்டு மதியம் ஒன்றரைக்கு ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் முதல் சிவப்பு வரி. நாலு மணிக்குள் பதினேழு வரி. எல்லா வரியிலும் புரண்டது ஒரே பிட். முகவரிகளும் பக்கத்துப் பக்கத்தில். ஆவி பூதமெல்லாம் இல்லை, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட ஓட்டை.

சூட்டில் மின்தேக்கியின் கசிவு வேகமாகும். 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று ராமின் தர விதியே சொல்கிறது. ஆனால் சூடுதான் முழுக் காரணம் என்று சாதித்துவிடவும் முடியாது. 2009-ல் பியாங்கா ஷ்ரோடர் என்பவர் கூகுள் ஆட்களோடு சேர்ந்து அவர்களின் சர்வர்களில் இரண்டரை வருடக் கணக்கைப் பார்த்தார். வருடத்துக்கு நூற்றில் எட்டுக்கு மேற்பட்ட ராம் குச்சிகளில் பிழை வந்திருந்தது. சூட்டின் பங்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அது குளிரூட்டிய இடம், என் தகரக் கூரை கதை வேறு என்று நான் நினைக்கிறேன். அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று: ஒருமுறை பிழை காட்டிய குச்சி மறுபடியும் காட்டுவதற்கான வாய்ப்பு மிக அதிகம். 'ஏதோ ஒரு தடவை வந்துட்டுப் போச்சு' என்று விடக்கூடாது என்பதற்கு அது போதும்.

ஆக, மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தீர்ப்பு முடிந்தது. பிழை வராதது தீர்ப்பு ஆகாது, வாய்தா மட்டும்தான். எப்போது கெடுகிறதோ அந்த நேரத்தில், அந்தச் சூட்டில், குறைந்தது நான்கு சுற்று ஓடவிட்டுத்தான் அடுத்த சந்தேகத்துக்குப் போக வேண்டும். இந்த வழியின் செலவு நேரம்தான். நடுவில் கரன்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

கழற்றி மாட்டிப் பார்ப்பது

இரண்டு குச்சி இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு ஓட்டுவது. மெம்டெஸ்ட் ஓட்டை இருக்கிறது என்று சொன்ன பிறகு, எந்தக் குச்சி என்று பிரிக்க இது வேண்டும். இரண்டு குச்சியையும் ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் குற்றவாளி குச்சியா ஸ்லாட்டா என்று தெரியாமல் போகும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றி, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். மாட்டும்போது 'டக்' சத்தம் கேட்க வேண்டும்.

நம்மூர் மெக்கானிக்குகள் தங்க நிறப் பற்களை ரப்பரால் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிரிக்க வேண்டாம், தூசியும் வியர்வையும் படிந்த பற்களால் வரும் கோளாறு அதில் நிஜமாகவே தீர்ந்துவிடும். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் அதுவே மேல்.

மெம்டெஸ்ட் இல்லாமல் இதை மட்டும் செய்யலாமா என்றால், கம்ப்யூட்டர் தினமும் தடுமாறுகிறது என்றால் செய்யலாம். வாரம் ஒருமுறை கெடுகிறது என்றால் வீண். 'இந்தக் குச்சியோட மூணு நாள் நல்லா இருந்துச்சு' என்பதற்கு அர்த்தமே இல்லை. ஒரு குச்சியில் ஓடும்போது வேகமும் பளுவும் குறைவதால் நோய் பதுங்கிவிடவும் கூடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வேக அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டி.டி.ஆர்.4-க்கு முறையான மின்னழுத்தம் 1.2 வோல்ட். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பல குச்சிகள் 1.35 வோல்ட்டில்தான் எட்டும். அதை அணைத்து வேகத்தைக் குறைத்ததும் பிழை நின்றுவிட்டால் காசு செலவில்லாமல் முடிந்தது. கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகும், ஆல்பம் வேலையில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்ததே இல்லை.

கடையில் கொடுப்பது, அல்லது நேராகப் புதுசு வாங்குவது

கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். "எத்தனை பாஸ் (சுற்று) ஓட்டுவீங்க, எவ்வளவு நேரம்?" என்பதற்கு நேராகப் பதில் வந்தால் கொடுக்கலாம். 'ஆன் ஆகுது, அதனால ராம் ஓகே' என்பது பதில் இல்லை. ஆன் ஆகும்போது நடப்பது வெறும் தலை எண்ணிக்கை. சோதிக்காமலே ஃபார்மேட் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கெட்ட ராமை வைத்துக்கொண்டு விண்டோஸ் ஏற்றினால், ஏற்றுகிற ஃபைல்களும் அதே ராம் வழியாகத்தான் போகும். எனக்கு நடந்தது அதுதான்.

சோதிக்காமல் புது ராம் வாங்குவது, நேரம் பணத்தைவிடப் பெரிதாக இருப்பவர்களுக்கு. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்த வழி முன்போல மலிவு இல்லை. காரணம் மதர்போர்டிலோ பவர் சப்ளையிலோ பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரிலோ இருந்தால், புதுக் குச்சியும் அதே பிழையைத்தான் காட்டும். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் வாங்கிய அன்றே மெம்டெஸ்ட் போடுங்கள், திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்போதே.

கண்டுபிடித்த பிறகு

இங்கே இன்னொரு முடிவு காத்திருக்கிறது. கெட்ட குச்சியை மட்டும் மாற்றுவதா, ஜோடியையே மாற்றுவதா, ஓட்டையை மூடிவிட்டு ஓட்டுவதா, இல்லை பிழைதிருத்தும் ஈ.சி.சி. ராமுக்கே போய்விடுவதா.

ஓட்டையை மூடுவது என்றால், கெட்ட முகவரிகளைச் சொல்லி அந்த இடத்தைத் தொடாதே என்று கட்டளையிடுவது. லினக்ஸில் மெம்மேப் என்ற பூட் அமைப்பிலும், விண்டோஸில் பி.சி.டி.எடிட் கட்டளையில் கெட்ட பக்கங்களின் பட்டியலைக் கொடுத்தும் செய்யலாம். ஒரு பக்கம் 4 கே.பி.தான், ஆயிரம் பக்கம் போனாலும் இழப்பு தெரியாது. ராம் போர்டிலேயே பற்றவைத்து வரும் லேப்டாப்புக்கு, போர்டை மாற்றுவதைத் தவிர இருக்கும் ஒரே வழி இது. பையன் பாட்டு கேட்கிற, படம் பார்க்கிற கம்ப்யூட்டருக்குச் செய்யலாம். ஊரார் கல்யாணத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு நான் செய்ய மாட்டேன். இன்று பதினேழு முகவரி, அடுத்த கோடையில் எத்தனையோ.

ஈ.சி.சி. ராம் ஒரு பிட் புரண்டால் தானே திருத்திவிடும். அதற்கு பிராசஸரும் மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும், பெரும்பாலான வீட்டு போர்டுகள் ஒத்துழைக்காது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2022 அக்டோபரில் ராம் குச்சி கெட்டு, லேப்டாப்பை வைத்து வேலையை ஓட்டினார், அவர் கம்ப்யூட்டரில் இருந்ததும் ஈ.சி.சி. இல்லாத ராம்தான். டி.டி.ஆர்.5-ல் உள்ளேயே ஈ.சி.சி. இருக்கிறது என்று விற்பார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் பார்க்கும், சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியைக் காக்காது. அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போது, பேக்கப் வைக்கும் ஒன்றுக்கு மட்டுமாவது ஈ.சி.சி. போடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இருப்பதை மாற்றுவதற்குக் கட்டுப்படியாகவில்லை.

என் குச்சி வாரண்டியில் இருந்தது. ராமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட வருட வாரண்டி தருகின்றன, பில்லைத் தேடுங்கள். ஜோடியாக வாங்கியிருந்தால் சில கம்பெனிகள் இரண்டையும் சேர்த்துத்தான் திருப்பி வாங்கும். அதுவரை என்ன செய்வது என்று மச்சான் கடையிலிருந்து ஒரு பழைய 8 ஜி.பி. குச்சியை இரவல் வாங்கி ஓட்டினேன், அதையும் மதிய வெயிலில் நான்கு சுற்று சோதித்துவிட்டுத்தான். மாற்றாக வந்த ஜோடியையும் அப்படியே.

பச்சைப் படம் தப்பித்தது. போட்டோகிராபர் கார்டை அழிக்காமல் வைத்திருந்தார். அப்புறம் பழைய டிஸ்க்கையும், நான் பயத்தில் காப்பி செய்த புது டிஸ்க்கையும் மச்சானின் கம்ப்யூட்டரில் மாட்டி, எல்லா ஃபைலுக்கும் கைரேகை எடுத்து ஒப்பிட்டோம். 41 ஃபைல்கள் பொருந்தவில்லை. பழைய டிஸ்க்கில் நன்றாக இருந்தவை, என் கெட்ட ராம் வழியாகப் போய்ப் புதுசில் கெட்டிருந்தன. காப்பி முடிந்ததும் பழையதை அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முகூர்த்த வேலை நெருக்கடியில் நேரம் கிடைக்காததால் மட்டும் பிழைத்தேன்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை புதிதாகச் செய்த வேலைகளுக்கு ஒப்பிட இன்னொரு பிரதி கிடையாது. அவற்றை ஒரு தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். யாராவது அந்த மாதத்து ஆல்பத்தை மறுபடி அச்சடிக்கக் கேட்டால், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நூறு சதவீதம் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இதுவரை இரண்டு பேர் கேட்டார்கள். ஒன்றில் பதினோராம் பக்கத்தில், சம்பந்தியம்மாவின் முந்தானை ஓரத்தில், ஒரு கோடு பச்சை இருந்தது.